தண்டனை முடித்து வந்தவருக்கு வேலை: எதைச் சொல்வது, எப்போது சொல்வது?

தென்றல்வாசல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்காக, அவனிடம் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தபோது போலி பில்களைச் சேர்த்துப் பணம் எடுத்ததாக அவன்மேல் வழக்கு வந்தது. குற்றம் நிரூபணமாகிச் சிறைக்குப் போனான். தண்டனைக் காலம் முடிந்துவிட்டது. நீதிமன்றம் கட்டச் சொன்ன தொகையையும் குடும்பமாகச் சேர்ந்து கட்டிவிட்டோம். அவன் செய்ததற்கு நியாயம் கற்பிக்க நான் இங்கே வரவில்லை. இனி அவன் உழைத்துப் பிழைக்க வேண்டும், அதற்கு வழி எது என்பதுதான் என் கேள்வி.

நேர்காணல் வரை எல்லாம் சரியாகவே போகிறது. ஓரிரு இடங்களில் ஆஃபர் கடிதம்கூட வந்தது. பிறகு பின்னணிச் சரிபார்ப்புக்கு என்று ஒரு படிவம் வருகிறது. அதற்குப்பின் பேச்சே இல்லை. தொலைபேசியில் கேட்டால், அந்தப் பணியிடத்தை இப்போதைக்கு நிரப்பவில்லை என்கிறார்கள். அதே பணியிடத்துக்கான விளம்பரம் மறுபடியும் வெளிவருகிறது. உறவினர்களில் ஒரு சாரார், "வாயைத் திறக்காதே, சின்ன நிறுவனமாகப் பார்த்துச் சேர்ந்துகொள், யார் போய்த் துருவப் போகிறார்கள்" என்கிறார்கள். இன்னொரு சாரார் பயோடேட்டாவிலேயே எழுதிவிடச் சொல்கிறார்கள். நாங்கள் இருக்கும் நாட்டின் பெயரைக் குறிப்பிட விரும்பவில்லை. இங்குள்ள உறுப்பினர்களும் பல நாடுகளில் இருப்பவர்கள்தாம். பொதுவில் எது உதவும் என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நேர்முகன் எழுதியது:

சகோதரி, ஆள் எடுக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில், உங்கள் தம்பியின் விண்ணப்பம் உள்ளே எங்கே போய் நிற்கிறது என்பதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

பின்னணிச் சரிபார்ப்பைப் பெரும்பாலான நிறுவனங்கள் வெளி முகமையிடம் ஒப்படைத்துவிடுகின்றன. முகவரி, படிப்பு, முந்தைய வேலை, நீதிமன்றப் பதிவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, அதற்கு எதிரே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறம். அறிக்கை பல இடங்களில் இந்த வடிவில்தான் வருகிறது. அதை முதலில் திறந்து பார்ப்பவர் உங்கள் தம்பியை நேர்காணல் செய்தவர் அல்லர். மனிதவளத் துறையில் இளநிலையில் இருக்கும் ஒருவர். சிவப்பு வந்த கோப்பை அவர் மேலே அனுப்பினால், "இதை ஏன் அனுப்பினாய்" என்ற கேள்வி வரக்கூடும். அனுப்பாமல் நிறுத்திவைத்தால் யாரும் அவரை ஒன்றும் கேட்கப்போவதில்லை. உங்களுக்குக் கிடைத்த அந்த மௌனத்துக்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே யாரும் உங்கள் தம்பியை எடைபோட்டு வேண்டாம் என்று முடிவெடுத்திருக்க மாட்டார்கள். முடிவெடுக்கும் பொறுப்பை யாரும் ஏற்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே, அறிக்கை வருவதற்கு முன்பே கோப்பில் ஒரு குறிப்பு இருக்க வேண்டும்: "இவருக்கு இப்படியொரு தண்டனை உண்டு, அவரே சொல்லியிருக்கிறார், துறைத் தலைவருக்குத் தெரியும்." அந்தக் குறிப்பு இருந்துவிட்டால் அதே சிவப்பு நிறம் ஏற்கெனவே தெரிந்த செய்தியாகிவிடுகிறது, அதற்காக வாதாடவும் உள்ளே ஒருவர் இருப்பார். எனவே பயோடேட்டாவில் எழுத வேண்டாம். விண்ணப்பங்களைக் கழிக்கும் கட்டத்தில் எங்கள் கண் கழிப்பதற்கான காரணத்தைத்தான் தேடும். உங்களை எடுக்க விரும்புகிறோம் என்று அவர்கள் வாய்விட்டுச் சொன்ன பிறகு, சரிபார்ப்புப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு, நேர்காணல் செய்த துறைத் தலைவரிடமே நேரில் சொல்லச் சொல்லுங்கள். அன்றைக்கே, சொன்னதைச் சுருக்கமாக ஒரு மின்னஞ்சலாகவும் அனுப்பிவிட வேண்டும். படிவத்தில் நேரடியாகக் கேள்வி இருந்தால் மட்டும் சரியான நேரம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அங்கேயே உண்மையை எழுதிவிட வேண்டும்.

சட்டத்துணை எழுதியது:

நேர்முகன் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் தம்பி தன்னைப் பற்றிய பதிவு உண்மையில் என்ன சொல்கிறது என்பதைத் தானே வாங்கிப் பார்க்க வேண்டும். குற்றம் நிரூபணமாகாமல் விடுதலையான வழக்கு "நிலுவை" என்றே கிடப்பதும், அதே பெயருடைய வேறொருவரின் வழக்கு ஒட்டிக்கொள்வதும், ஒரே வழக்கு இரண்டு முறை பதிவாகி இரண்டு குற்றம்போலத் தெரிவதும் நான் வழக்கமாகப் பார்ப்பவை. தீர்ப்பின் சான்றிட்ட நகல், தண்டனை முடிந்ததற்கான சிறைச் சான்று, பணம் கட்டிய ரசீது ஆகிய மூன்றும் எப்போதும் கையில் இருக்கட்டும்.

அடுத்தது, தண்டனையை எந்தக் காலம் வரை சொல்ல வேண்டும் என்பது. இது நாட்டுக்கு நாடு பெரிதும் மாறுபடுகிறது. பிரிட்டனில் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி குறிப்பிட்ட காலம் கடந்த தண்டனை "கழிந்ததாக" ஆகிவிடும். பிறகு சாதாரண வேலைக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, வயது வந்தவருக்கு ஓராண்டு வரையிலான சிறைத் தண்டனை முடிந்து 12 மாதங்களிலும், ஓராண்டுக்கு மேல் நான்காண்டு வரையிலானது 4 ஆண்டுகளிலும், அதற்கு மேற்பட்டது 7 ஆண்டுகளிலும் கழிகிறது. கடுமையான வன்முறை, பாலியல், பயங்கரவாதக் குற்றங்களில் நான்காண்டுக்கு மேல் தண்டனை பெற்றவர்களுக்கு இந்த 7 ஆண்டுச் சலுகை இல்லை, குழந்தைகளோடும் நோயாளிகளோடும் பழகும் வேலைகளுக்குத் தனி விதிகள் உள்ளன. கனடாவில் பதிவு தானாகக் கழிவதில்லை. தண்டனை முழுவதும் முடிந்து, குற்றத்தின் வகையைப் பொறுத்து 5 அல்லது 10 ஆண்டுகள் கழித்து விண்ணப்பித்து, வழக்கமான சரிபார்ப்பில் தெரியாதபடி அதை நிறுத்திவைக்கச் செய்யலாம். சிங்கப்பூரில் மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறை, 2,000 டாலருக்கு மேற்படாத அபராதம் போன்ற சிறிய தண்டனைகள், ஐந்தாண்டுகள் வேறு குற்றமின்றி இருந்தால் சில விலக்குகளுக்கு உட்பட்டுக் கழிகின்றன.

இந்தியாவில் இப்படிக் காலக்கெடு வைத்த பொதுச் சட்டம் கிடையாது. ஆனால் 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 3, 4ஆம் பிரிவுகளின் கீழ், குற்றவாளி என்று தீர்ப்பானாலும் சிறைக்கு அனுப்பாமல் எச்சரித்தோ நன்னடத்தை உறுதியின் பேரிலோ விடுவிக்கப்பட்டவருக்கு, அந்தத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு இல்லை என்று அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. சிறாராக இருந்தபோது செய்த குற்றத்துக்கு 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு இதே பாதுகாப்பைத் தருகிறது; கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்போல விசாரிக்கப்பட்ட 16 வயது கடந்தோருக்கு மட்டும் அது பொருந்தாது. மறைப்பதைப் பற்றி 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படித்துப் பார்ப்பது நல்லது. படிவத்தில் தெளிவாகக் கேட்டதற்கு உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னாலும் பணி தந்தே தீர வேண்டும் என்று வேலை தருபவரைக் கட்டாயப்படுத்த முடியாது. அதே வேளையில், குறிப்பாகக் கேட்காத ஒன்றைச் சொல்லவில்லை என்பதற்காக ஒருவரைக் குற்றம் சாட்டவும் கூடாது. கேள்வியை எழுத்தெண்ணிப் படிக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். "தண்டனை பெற்றிருக்கிறீர்களா" என்பதும் "உங்கள்மேல் எப்போதாவது வழக்கு பதிவானதா" என்பதும் வேறு வேறு கேள்விகள். குற்றம் நிரூபணமாகாமல் வழக்கிலிருந்து விடுதலையானவர் முதல் கேள்விக்கு "இல்லை" என்று எழுதலாம், இரண்டாவதற்கு எழுத முடியாது.

சிறுதொழில் எழுதியது:

மன்னிக்கவும், நான் சற்று மாறுபட்டுப் பேச வேண்டியிருக்கிறது. நான் பதினைந்து பேர் வேலை செய்யும் ஓர் இடத்தை நடத்துகிறேன். எங்களிடம் மனிதவளத் துறையும் இல்லை, சரிபார்ப்பு முகமையும் இல்லை. ஒருவர் கையாடினால் அந்த மாதச் சம்பளம் மற்ற எல்லோருக்கும் தள்ளிப்போகும். சின்ன நிறுவனமாகப் பார்த்துச் சேர்ந்துகொள் என்று உங்கள் உறவினர்கள் சொல்வது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இழப்பைத் தாங்கச் சக்தி இல்லாத இடத்தைத் தேடிப் போய் மறைக்கச் சொல்கிறார்கள். உங்கள் தம்பிமேல் எனக்கு வெறுப்பு கிடையாது. ஆனால் முன்கூட்டியே சொல்லாமல் சேர்ந்து, பிறகு எனக்குத் தெரியவந்தால், பழைய குற்றத்தை நான் மன்னித்தாலும் இந்த மறைப்பை மன்னிக்க மாட்டேன்.

மறுகரை எழுதியது:

சிறுதொழில் ஐயா சொன்னதை ஏற்கிறேன். நானும் தண்டனை முடித்து வந்தவன்தான். இப்போது ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். எப்படிச் சொல்வது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

சுருக்கமாகச் சொல்ல வேண்டும். வீட்டுக் கடன், கூடாத நட்பு, அந்த நேரத்து மனநிலை என்று காரணங்களை அடுக்கத் தொடங்கினால், அவை உண்மையாகவே இருந்தாலும், கேட்பவருக்குச் சாக்காகத்தான் தோன்றும். உங்கள் தம்பி இப்படிச் சொல்லலாம்: "என்னை எடுப்பதென்று முடிவாகும் முன் ஒரு விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன். முந்தைய வேலையில் பணம் கையாடிய வழக்கில் எனக்குத் தண்டனை கிடைத்தது. தண்டனையை முடித்துவிட்டேன், பணத்தையும் கட்டிவிட்டேன், அதற்கான தாள்கள் இதோ இருக்கின்றன. இந்த வேலையில் பணம் என் கைக்கு வராது என்று பார்த்துத்தான் விண்ணப்பித்தேன். நீங்கள் என்ன கேட்டாலும் சொல்கிறேன்." இதோடு நிறுத்திவிட வேண்டும். அடுத்து அவர் பேசும் வரை வாயைத் திறக்கக் கூடாது. அந்த இடைவெளி மிகவும் கடினமாக இருக்கும். அதை நிரப்பப் போய்த்தான் பலரும் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

நான் சொன்னபோது எதிரில் இருந்தவர் தாள்களைத் தன் பக்கம் திருப்பி, தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தார். பிறகு, "வழக்கில் உன்னோடு இருந்தவர்கள் இப்போதும் தொடர்பில் இருக்கிறார்களா?" என்று கேட்டார். குற்றத்தைப் பற்றி வேறு எதுவும் கேட்கவில்லை. இனி என்ன நடக்கும் என்பதுதான் அவர்களுக்குக் கவலை, நாம் பழைய கதைக்கே பதில் தயாரித்துக்கொண்டு போகிறோம். தம்பியிடம் அந்தக் கேள்விக்கும் பதில் இருக்கட்டும்.

சிறையில் இருந்த காலத்தைப் பயோடேட்டாவில் பொய் நிறுவனம் வைத்து நிரப்பாதீர்கள். குற்றப் பதிவைப் பார்க்காத இடங்களில்கூட முந்தைய வேலையைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். இடைவெளி இடைவெளியாகவே இருக்கட்டும். "நேரில் விளக்குகிறேன்" என்று ஒரு வரி போதும். உள்ளே கற்ற தொழிலைத் திறன்கள் பகுதியில் தாராளமாக எழுதலாம்.

தென்றல்வாசல் எழுதியது:

நீங்கள் எல்லோரும் இவ்வளவு அக்கறையாக எழுதியதைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். அவன் கேட்ட கேள்வியை அப்படியே எழுதுகிறேன். "நீதிமன்றம் எனக்கு இத்தனை மாதம் என்று கணக்குப் போட்டுத்தான் தண்டனை கொடுத்தது. ஒவ்வொரு நேர்காணலிலும் அதை எடுத்துச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமென்றால் அந்தக் கணக்கு எப்போதுதான் முடியும்?" எனக்குப் பதில் தெரியவில்லை.

வாசிப்பவள் எழுதியது:

உங்கள் தம்பியின் கேள்வி நியாயமானது. ஆய்வாளர்களும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஆல்பிரட் புளும்ஸ்டீன், கிமினோரி நகமுரா என்ற இருவர் 1980இல் நியூயார்க் மாநிலத்தில் முதன்முறையாகக் கைதானவர்களின் பதிவுகளைப் பின்தொடர்ந்து, 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மறுபடியும் கைதாகும் வாய்ப்பு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் அதே வயதுடைய பொதுமக்களின் அளவுக்கு வந்துவிடுகிறது. பதினெட்டு வயதில் கொள்ளைக்காகக் கைதானவருக்கு அதற்கு 7.7 ஆண்டுகளும், வீடு புகுந்து திருடியவருக்கு 3.8 ஆண்டுகளும் ஆயின. அந்தக் கட்டத்துக்குப் பிறகும் பழைய பதிவைக் காட்டி ஒருவரை ஒதுக்குவதால் வேலை தருபவருக்குக் கூடுதல் பாதுகாப்பு எதுவும் கிடைப்பதில்லை. கணக்கு முடியும் நாள் ஒன்று உண்டு என்பதற்கு இது சான்று. சட்டங்கள்தாம் அதை இன்னும் முழுதாக ஏற்கவில்லை.

ஒதுக்குதல் எவ்வளவு கடுமையானது என்பதையும் அளந்திருக்கிறார்கள். சமூகவியலாளர் டேவா பேஜர் மில்வாக்கி நகரில் ஒரே தகுதியுள்ள இளைஞர்களை இருவர் இருவராக விண்ணப்பிக்க வைத்து, அவர்களில் ஒருவருக்கு மட்டும் குற்றப் பதிவு இருப்பதாகச் சொல்லச் செய்தார். 2003இல் வெளியான அந்த ஆய்வில், பதிவு இல்லாத வெள்ளையருக்கு நூற்றுக்கு 34 இடங்களிலிருந்து அழைப்பு வந்தது, பதிவு இருப்பவருக்கு 17. கறுப்பினத்தவரில் இது 14, 5 என்று இருந்தது. குற்றமே செய்யாத கறுப்பினத்தவருக்குக் கிடைத்த அழைப்பு, தண்டனை பெற்றதாகச் சொன்ன வெள்ளையருக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. இந்த எண்களைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது.

விண்ணப்பப் படிவத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது என்ற சட்டத்தை அமெரிக்காவில் ஹவாய் மாநிலம்தான் 1998இல் முதலில் கொண்டுவந்தது. 2019இல் நிறைவேறிய சட்டம், ஆஃபர் கொடுக்கும் வரை கூட்டாட்சி அரசுத் துறைகளும் அவற்றின் ஒப்பந்ததாரர்களும் இதைக் கேட்கக்கூடாது என்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அமாண்டா ஏகன், சோன்யா ஸ்டார் இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பக்கவிளைவு தெரிந்தது. கேள்வியை நீக்கிய பிறகு, சில நிறுவனங்கள் பெயரைப் பார்த்துக் கறுப்பினத்தவர் என்று தோன்றினால் குற்றப் பதிவு உள்ளவராக இருக்கலாம் என்று தாங்களாகவே ஊகித்து ஒதுக்கத் தொடங்கின.

சிறுதொழில் எழுதியது:

வாசிப்பவள் அம்மா தந்த விவரங்களுக்கு நன்றி. அந்த ஆண்டுக் கணக்கு எனக்குப் புதிய செய்தி. இருந்தாலும் அது கைதாகிப் பல ஆண்டுகள் தள்ளி வரும் கட்டம். இந்தத் தம்பி இப்போதுதான் வெளியே வந்திருக்கிறார். நடுவில் இருக்கும் அந்த ஆண்டுகளில் நம்பி வேலை கொடுப்பவர் யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அவரைக் கணக்கு மேசையில் நான் உட்கார வைக்க மாட்டேன். சரக்கு இறக்குமிடத்தில், இயந்திரத்தில், வண்டி ஓட்டத்தில் என்றால் யோசிப்பேன்.

நேர்முகன் எழுதியது:

ஐயா, நீங்கள் "யோசிப்பேன்" என்று சொன்னதுதான் இந்த இழையிலேயே பெரிய செய்தி. குற்றத்துக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பைப் பார்ப்பது நியாயமான அளவுகோல். அமெரிக்காவின் சம வேலைவாய்ப்பு ஆணையம் 2012இல் தந்த வழிகாட்டுதலும் இதையேதான் சொல்கிறது: குற்றத்தின் தன்மை, கடந்துபோன காலம், வேலையின் தன்மை. எல்லா வேலைக்கும் ஒரே கதவை அடைக்காதீர்கள் என்பதுதான் அதன் பொருள்.

நம்பிக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டனில் செருப்புப் பழுதும் சாவி வெட்டும் கடைகளை நடத்தும் டிம்ப்சன் நிறுவனத்தில் பத்தில் ஒருவர் சிறையிலிருந்து வந்தவர். அதன் தலைமை நிர்வாகியாக இருந்த ஜேம்ஸ் டிம்ப்சன் 2024இல் அந்நாட்டின் சிறைத்துறை அமைச்சரானார். வீட்டுச் சாவிகளை வெட்டும் தொழில் அது என்பதை நினைத்துப் பாருங்கள். நியூயார்க் மாநிலத்தில் கிரேஸ்டன் என்ற பேக்கரி பின்னணி எதையும் கேட்காமல், வரிசையில் அடுத்து இருப்பவரை எடுக்கும் முறையை 1980களிலிருந்து கடைப்பிடிக்கிறது. சிங்கப்பூரில் 2004இல் தொடங்கிய மஞ்சள் ரிப்பன் திட்டம் கைதிகளை விடுதலையாகும் முன்பே வேலை தருபவர்களோடு இணைக்கிறது. அமெரிக்க அரசு 1966 முதல் நடத்தும் ஒரு திட்டத்தில், இப்படிப்பட்டவரை எடுக்கும் முதலாளிக்கு அவர் கையாடினால் ஈடுகட்டும் 5,000 டாலர் காப்பு, முதல் ஆறு மாதங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. உங்களைப் போன்ற சிறிய இடங்களுக்கு இத்தகைய காப்பு எல்லா நாட்டிலும் இருந்தால், "யோசிப்பேன்" என்பது "வரச் சொல்லுங்கள்" என்று மாறும் என நினைக்கிறேன்.

சகோதரி, வங்கி, காப்பீடு, கடன் வசூல் பக்கம் இப்போது விண்ணப்பித்து மனம் நொந்துபோக வேண்டாம். அந்தத் துறைகளில் பண மோசடி போன்ற நேர்மையற்ற குற்றங்களுக்குப் பல நாடுகளில் சட்டத்திலேயே தடை உண்டு, நிறுவனம் விரும்பினாலும் எடுக்க முடியாது. கிடங்கு, உற்பத்தி, பழுதுபார்ப்பு, அச்சுத்தொழில் ஆகியவற்றில் தேடச் சொல்லுங்கள். கணக்கு தெரிந்தவர் சரக்கு இருப்பைப் பார்க்கும் பக்கம் விரைவில் தேறிவிடுவார்.

தென்றல்வாசல் எழுதியது:

மிக்க நன்றி. ஒரு கிடங்கு வேலைக்குப் பேச்சு நடக்கிறது. அவர்கள் வாய்மொழியாகச் சம்மதம் சொன்னவுடன், படிவம் வருவதற்குள் சொல்லிவிடுவதாகத் தம்பி முடிவு செய்திருக்கிறான். மறுகரை அண்ணன் எழுதிக் கொடுத்த வார்த்தைகளைத் தன் போக்கில் சற்று மாற்றி வைத்திருக்கிறான். இன்னும் ஒரு சந்தேகம். ரெஃபரன்ஸ் இரண்டு பேர் கேட்கிறார்கள். பழைய நிறுவனத்தில் யாரும் தர மாட்டார்கள்.

மறுகரை எழுதியது:

வெளியே வந்த பிறகு அவரை வேலை வாங்கிய யாராக இருந்தாலும் போதும் அம்மா, அது தற்காலிக வேலையாகவோ கூலி வேலையாகவோ இருந்தாலும் சரி. எனக்கு ஒரு பொட்டலம் கட்டும் பிரிவின் மேஸ்திரி கொடுத்தார். எந்தத் தேதியிலிருந்து வந்தேன், என்ன வேலை செய்தேன், கிடங்குச் சாவி என்னிடம் இருந்தது என்று மூன்றே வரிகள். அந்தச் சாவி வரியைத்தான் எல்லோரும் கவனித்துப் படித்தார்கள்.

சட்டத்துணை எழுதியது:

அப்படிக் கடிதம் தருபவரிடம் வழக்கைப் பற்றி முன்பே சொல்லிவிடுங்கள். சரிபார்ப்பவர் தொலைபேசியில் கேட்கும்போதுதான் முதன்முறையாக அது அவர் காதில் விழுந்தால், நல்ல சொல் சொல்ல வந்தவரும் தடுமாறிவிடுவார். கடிதத்தில் வழக்கைக் குறிப்பிட வேண்டியதில்லை, வேலையைப் பற்றி மட்டும் இருக்கட்டும். கிடங்கு நிறுவனத்துக்குத் தம்பி அனுப்பப்போகும் மின்னஞ்சலை, விவரங்களை மறைத்துவிட்டு இங்கே பதிவிட்டால், அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.